சுவருக்குள் கிடைத்த செம்பு: கூட வேலை செய்தவர்களிடம் சொல்லாதது சுயநலமா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியதன் சுருக்கம் இது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடிக்கும் வேலை. நாலு பேர் கொண்ட செட், மொத்தமாக ஒரு தொகை பேசி இறங்கியிருக்கிறார்கள். வருவதை நாலாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். மேஸ்திரி இவரை உள்ரூம் சுவரைத் தட்டச் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு மாடியிலிருந்து மரம் இறக்கப் போய்விட்டார். சுவரில் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்த ஒரு மாடம். அதற்குள் சின்னப் பித்தளைச் செம்பு. செம்புக்குள் பேப்பரில் சுற்றிய ஆறு தங்கக் காசுகள். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒருவன், கீழே 1918. செம்பைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. "என் கையில்தான் சிக்கியது, என் ராசி. ஆனாலும் சாயங்காலம் நாலு பேரும் சேர்ந்து டீ குடிக்கும்போது உறுத்துகிறது. இது சுயநலமா?" என்பது கேள்வி.

ஆமாம் தம்பி, சுயநலம்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. காசில் மூன்று பங்கு கொடுக்கவில்லை என்பதுதான் உங்களை உறுத்துகிறது. பங்கு கொடுப்பது இரண்டாவது பேச்சு. அதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சறுக்கியது அங்கேதான். வக்கீல் குமாஸ்தாவாக ஜார்ஜ் டவுன் கோர்ட் வாசலில் காலம் தள்ளியவன் நான். கூட்டுத் தொழிலில் வரும் சண்டை முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது. "கொடுக்கவில்லை" என்று வருகிறவர்களைச் சமாதானம் செய்துவிடலாம். "என்னிடம் சொல்லவே இல்லையே" என்று வருகிறவர்களைச் சமாதானம் செய்வது கஷ்டம்.

முதலில் "என் ராசி" என்கிற பேச்சைப் பார்ப்போம். அந்தச் சுவருக்கு நீங்கள் எப்படிப் போனீர்கள்? மேஸ்திரி சொல்லிப் போனீர்கள். அவர் வேறு ஆளைக் கைகாட்டியிருந்தால் செம்பு அவர் பையில் போயிருக்கும், நீங்கள் மாடியில் தேக்கு உத்தரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீட்டை இடித்தவர்களுக்குத் தெரியும். மேலே பர்மா தேக்கு, அதன்மேல் சாய்த்து அடுக்கிய சன்னச் செங்கல், சுண்ணாம்பு. மேலே இருக்கும் மரத்தைப் பத்திரமாக இறக்கினால்தான் கீழே ஒருவன் நிம்மதியாகச் சுவரைத் தட்ட முடியும். நீங்கள் அந்த மாடத்துக்கு முன்னால் தலைக்கு மேல் பயமில்லாமல் நின்றதற்குக் காரணமே அந்த மூன்று பேர்தான். கை உங்களுடையது, அந்தக் கை அங்கே போனது நாலு பேர் வேலையால்.

காசிமேட்டில் பிறந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். விசைப்படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, ஓனர் பங்கு ஒரு பக்கம், ஆட்கள் பங்கு ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். ஓட்டுகிற டிரைவருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வலையில் பெரிய கூறல் மீன் ஒன்று ஏறிவிட்டால், அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கே தனி விலை. வலையை இழுத்தபோது அந்த மீன் யார் கைக்குப் பக்கத்தில் இருந்தது என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் மறுநாள் அவனைப் படகில் ஏற்றமாட்டார்கள். அதே படகில் வீட்டுக் குழம்புக்கு என்று ஆளுக்குக் கொஞ்சம் மீன் எடுத்துப் போவதும் உண்டு. ஓய்வு நேரத்தில் ஒருவன் தன் தூண்டிலைப் போட்டு எதையாவது பிடித்தால், அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்து, எல்லார் கண்முன்னால் நடக்கிறது. ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்து எடுத்துப் போனால், அதே ஒரு கிலோ மீனுக்குத் திருட்டு என்று பெயர்.

இன்னொன்றும் சொல்கிறேன், கொஞ்சம் விலகல்தான். 1720ஐ ஒட்டிக் கடலில் அட்டகாசம் செய்த பார்த்தலோமிவ் ராபர்ட்ஸ் என்கிற கடற்கொள்ளையன் தன் கப்பலுக்கு எழுதிவைத்த விதிகளில், கூட்டாளிகளை ஏமாற்றி ஒரு டாலர் மதிப்புக்கு வெள்ளியோ நகையோ ஒளித்தால், ஆளில்லாத தீவில் இறக்கிவிட்டுப் போய்விடுவது தண்டனை. ஊரைக் கொள்ளையடிப்பதில் அவர்களுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. கூட்டாளியிடம் ஒளிப்பதை மட்டும் பொறுக்க மாட்டார்கள்.

சரி, எப்போது ஒன்று கூட்டுக்குச் சொந்தம், எப்போது தனியாளுக்குச் சொந்தம்? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழக்கு ஒன்று அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் நடந்தது, 1896இல். ஐந்து பையன்கள் ரயில் பாதை ஓரமாக நடந்து போகிறார்கள். ஒருவன் கண்ணில் முடிச்சுப் போட்ட பழைய காலுறை ஒன்று படுகிறது. அவன் எடுத்துச் சுழற்றுகிறான், இன்னொருவன் பிடுங்குகிறான், ஒருவன்மேல் ஒருவன் அடித்து விளையாடுகிறார்கள். அப்படி விளையாடும்போது காலுறை கிழிந்து உள்ளேயிருந்து பணம் கொட்டுகிறது. 775 டாலர். முதலில் எடுத்தவன் எனக்கு என்கிறான். கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? காலுறையை எடுத்தபோது அவன் பணத்தை எடுத்ததாக ஆகாது. பணம் வெளியே வந்த நேரத்தில் அது எல்லாருக்கும் பொதுவான விளையாட்டுச் சாமானாக இருந்தது. ஆகவே ஐந்து பேருக்கும் சமமாகப் பிரிக்கச் சொல்லித் தீர்ப்பானது.

உங்கள் செம்பில் சங்கதி கொஞ்சம் வேறு. நீங்கள் செம்பைத் திறந்து பார்த்தபோது தனியாகத்தான் இருந்தீர்கள். அந்தத் தீர்ப்பை அப்படியே வைத்து "ஆளுக்குக் கால் பங்கு" என்று நான் எழுதிவிட முடியாது. ஆனால் அந்த நீதிபதி எதைப் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். முதலில் கை வைத்தது யார் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் எல்லாரும் சேர்ந்து என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தார். நீங்கள் நாலு பேரும் அந்த நேரத்தில் ஒரே கூலிக்கு, ஒரே வீட்டை இடித்துக்கொண்டிருந்தீர்கள். வேலை முடிந்து கல்மண்டபத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காலடியில் ஒரு மோதிரம் கிடைத்திருந்தால் கதை வேறு. அதன் சொந்தக்காரரைத் தேடுகிற கடமை உங்களுக்கு இருந்திருக்கும், கூட்டாளிகளிடம் ஒப்பிக்கிற கடமை இருந்திருக்காது.

கேரளத்தில் 2023இல் நடந்ததும் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. பரப்பனங்காடியில் வீட்டுக் குப்பை சேகரிக்கும் 11 பெண்கள் சேர்ந்து 250 ரூபாய்க்கு ஒரு பம்பர் லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். ஆளுக்கு 25 ரூபாய். அதுகூட முழுசாக இல்லாத இரண்டு பேர் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பங்காகச் சேர்ந்துகொண்டார்கள். விழுந்தது 10 கோடி. நம் ஊரில் 2003லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள், அது நல்லதுதான். ஆனால் அந்தப் பெண்களிடம் பிடித்த விஷயம், யாருக்கு எத்தனை பங்கு என்று சீட்டு வாங்கும்போதே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இடிக்கிற செட்டில் யாரும் "புதையல் கிடைத்தால் என்ன செய்வது" என்று பேசிக்கொண்டு இறங்குவதில்லை. பேசாத விஷயம் என்றால் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் பேசவே இடம் கொடுக்கவில்லை. மூன்று பேர் சொல்ல வேண்டிய பதிலை நீங்களே அவர்களுக்காகச் சொல்லி முடித்துவிட்டீர்கள். ஒருவேளை அவர்களில் ஒருவர் "கண்டது நீ, பாதி நீ எடுத்துக்கோ, மிச்சத்தை நாங்க மூணு பேர் பிரிச்சுக்கறோம்" என்று சொல்லியிருக்கலாம். மேஸ்திரி "வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடலாம், நமக்கு வேண்டாம் இந்த வில்லங்கம்" என்று சொல்லியிருக்கலாம்.

வில்லங்கம் என்று சொன்னேனே, அதைத்தான் நீங்கள் முழுசாக மறந்துவிட்டீர்கள். காசு உங்களிடம் இருக்கிறது, ஆபத்து நாலு பேரிடமும் இருக்கிறது. நாளைக்கு வீட்டுக்காரர் குடும்பத்தில் யாராவது ஒரு பாட்டி "அந்த ரூம் சுவரில் எங்க மாமனார் ஏதோ வைத்ததாகச் சொல்வார்கள்" என்று சொல்ல, ஸ்டேஷனில் ஒரு புகார் போனால், முதலில் கூப்பிடுவது வேலைக்கு வந்த எல்லாரையும். அந்த மூன்று பேரும் "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சத்தியம் செய்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும், யாரும் நம்பமாட்டார்கள். லாபத்தில் இடம் கொடுக்காமல் வம்பில் மட்டும் அவர்களைச் சேர்த்துவிட்டீர்கள். சுயநலம் என்று நான் சொல்வது முக்கியமாக இதைத்தான்.

இப்போது சட்டம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் பதில் முடியாது. ஏனென்றால் "எனக்கா, நாலு பேருக்கா" என்று நீங்கள் குழம்பிக்கொண்டிருக்கும்போது, அந்தக் காசு இன்றைய நிலையில் ஐந்து பேரில் யாருடையதும் இல்லை. ஐந்தாவது ஆள் கான்ட்ராக்டர். கட்டடத்தை இடிக்க எடுத்தவருக்குக் கதவு, நிலை, ஜன்னல், மரம், இரும்பு எல்லாம் பேச்சில் வந்துவிடும். சுவருக்குள் யாரோ ஒளித்து வைத்தது அந்தக் கணக்கில் வராது என்பது என் கருத்து.

இந்தியப் புதையல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1878இல் வந்தது, இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணுக்குள் மட்டுமல்ல, மண்ணோடு பொருந்தி நிற்கிற எதற்குள் ஒளித்து வைத்திருந்தாலும் அது புதையல்தான், அதனால் உங்கள் சுவரும் சேர்த்தி. மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, ஏறக்குறைய என்ன மதிப்பு, எங்கே, எந்தத் தேதியில். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவேன் என்று ஜாமீன் கொடுக்க வேண்டும். அப்புறம் கலெக்டர் அறிவிப்புப் போட்டு, உரிமை கோருகிறவர்கள் வரட்டும் என்று 4 மாதத்துக்குக் குறையாமல் 6 மாதத்துக்கு மிகாமல் ஒரு தேதி வைப்பார். சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால் புதையல் உங்களுக்குச் சாதகமாகத்தான் போகும். இடத்துக்காரர் உரிமை கேட்டு, உங்களுக்குள் வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, இடத்துக்காரருக்கு ஒரு பங்கு. இடத்துக்காரர் யாருமே கேட்கவில்லை என்றால் முழுசும் கண்டெடுத்தவருக்கு. அரசாங்கம் தனக்கே வேண்டும் என்றால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்றாலும் கண்டெடுத்தவனை அது ஏமாற்றவில்லை.

ஒளித்தவனைத்தான் அது விடாது. தெரிவிக்காமல் இருந்தாலோ, அடையாளம் தெரியாதபடி மாற்றப் பார்த்தாலோ, அவன் பங்கு அரசாங்கத்துக்குப் போய்விடும், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. அதனால் எந்த அடகுக் கடையிலும், எந்தப் பட்டறையிலும் அந்தக் காசுகளைக் காட்டி "உருக்கிக் கொடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். ஆறு காசும் சேர்ந்து 48 கிராமுக்குச் சற்றுக் குறைவாக, 22 காரட் தங்கம். உருக்கினால் அந்த எடைக்கான விலைதான், உருக்கியதாலேயே குற்றமும் கூடும்.

அடுத்தது அந்த 1918. காசில் 1918 என்று இருக்கிறது, 100 வருஷம் தாண்டிவிட்டது, சொந்தக்காரன் யாரும் வரமாட்டான் என்று நினைத்திருப்பீர்கள். சட்டம் பார்க்கிற 100 வருஷம் காசு அடித்த நாளிலிருந்து இல்லை, ஒளித்த நாளிலிருந்து. 1918இல் பம்பாயிலேயே இந்த வகைத் தங்கப் பவுனை அடித்தார்கள். வருஷத்துக்குச் சற்று மேலே, குதிரை நிற்கிற தரையில், பொடியாக ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் அது பம்பாய்க் காசு. அடித்த காசு எத்தனையோ வருஷம் கை மாறிவிட்டுத்தான் செம்புக்குள் போயிருக்கும். வட சென்னைக்காரர்கள் அவசரமாகப் பொருளை ஒளித்துவிட்டு ஊரைக் காலி செய்த காலங்கள் இரண்டு எனக்குத் தெரியும். ஒன்று 1914 செப்டம்பர், எம்டன் கப்பல் துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபோது. உங்கள் காசு அதற்குப் பிந்தியது. இன்னொன்று 1942 ஏப்ரல், ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் மெட்ராஸே பாதி காலியானது. அந்த நேரத்தில் அடைத்த மாடமாக இருக்கலாம் என்பது என் ஊகம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அப்படியென்றால் 100 வருஷம் ஆகவில்லை. வைத்தவரின் பேரனோ பேத்தியோ வந்து உரிமை கேட்க இடம் இருக்கிறது, அவர்கள் கோர்ட்டுக்குப் போக அவகாசம் கொடுத்து கலெக்டர் விசாரணையைத் தள்ளிவைக்கவும் செய்யலாம். காசைச் சுற்றியிருந்த பேப்பர் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பொடிந்து போயிருந்தாலும் குப்பையில் போடாதீர்கள். ஒரு தேதி, ஒரு விளம்பரம், ஒரு சினிமாப் பெயர் தெரிந்தால்கூடப் போதும், காசைவிட அது அதிகம் பேசும்.

சொந்தக்காரர் இன்னார் என்று தெரிந்தும், அல்லது விசாரித்தால் தெரியும் என்றிருந்தும் வைத்துக்கொண்டால் அது புதையல் சட்டத்தோடு நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதா 314ஆம் பிரிவு வரும், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403. அந்தப் பிரிவிலேயே உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு உதாரணம் இருக்கிறது. இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரு குதிரை. ஒருவன் சவாரி செய்ய ஓட்டிக்கொண்டு போனால் குற்றமில்லை, அவனுக்கும் உரிமை இருக்கிறது. அதை விற்று முழுப் பணத்தையும் தானே வைத்துக்கொண்டால் குற்றம். ரோட்டில் ஒரு ரூபாய் கிடந்து, யாருடையது என்று தெரியாமல் எடுத்தால் குற்றமில்லை என்றும் அங்கேயே இருக்கிறது. எடுத்ததற்குச் சட்டம் கோபப்படுவதில்லை. எடுத்தபிறகு என்ன செய்தான் என்று பார்க்கிறது.

எடுத்தபிறகு என்ன செய்யலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஆள் உண்டு. 2021 அக்டோபரில் திருவொற்றியூரில் குப்பை பிரித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவருக்கு 100 கிராம் தங்கக் காசு கிடைத்தது. மேலதிகாரியிடம் சொல்லி, போலீஸ் மூலமாக உரியவருக்கே போய்ச் சேர்ந்தது. 2024 ஜூலையில் கண்ணூர் பக்கம் செங்களாயியில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் ரப்பர் தோட்டத்தில் மழைநீர்க் குழி வெட்டும்போது ஒரு குடம் சிக்கியது. முதலில் வெடிகுண்டோ என்று பயந்தார்கள். உள்ளே முத்தும், தங்கப் பதக்கங்களும், பழைய காசுகளும். பஞ்சாயத்துக்குச் சொல்லி, போலீஸ் வந்து, தொல்லியல் துறைக்குப் போனது. எல்லார் கண்முன்னால் மேலே வந்ததால் அங்கே "என் கையா, உன் கையா" என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. தனியாக இருந்தீர்கள், பை பக்கத்திலேயே இருந்தது. அந்த நிமிஷத்தில் பைக்குள் போட்டதை நான் பெரிய பாவம் என்று சொல்லமாட்டேன். வாடகை, பிள்ளைகள் ஃபீஸ், வட்டி என்று எத்தனையோ இருக்கும், தங்கத்தைப் பார்த்ததும் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். கான்ட்ராக்டர் பிடுங்கிக்கொள்வார் என்ற பயமும் நியாயமானதுதான். அன்று ராத்திரி மேஸ்திரி வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அந்த ராத்திரி போனது போனதுதான், ஆனால் இன்னும் யாரும் உங்களிடம் நேராகக் கேட்கவில்லை, நீங்களும் வாயைத் திறந்து "இல்லை" என்று பொய் சொல்லவில்லை. அதுவரைக்கும் நல்லது. ஒருமுறை பொய் சொல்லிவிட்டால் பிறகு செம்பைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தப் பொய்யைத் திருப்பி வாங்க முடியாது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மேஸ்திரியிடம் தனியாகப் பேசுங்கள், டீக்கடையில் வேண்டாம். டீக்கடையில் சொன்னது சாயங்காலத்துக்குள் கொருக்குப்பேட்டை வரை போய்விடும். அவரை வைத்துக்கொண்டு மற்ற இருவரிடமும் சொல்லுங்கள். திட்டுவார்கள், திட்டட்டும். பிறகு நாலு பேரும் சேர்ந்து, வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாலு பேரும் ஒப்புக்கொண்டால் எந்தக் கணக்கும் நல்ல கணக்குதான். சட்டம் "கண்டெடுத்தவர்" என்று மட்டும்தான் பேசுகிறது, கூட வேலை செய்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நீங்கள் நாலு பேர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு, செம்பு, காசு, பேப்பர்த் துண்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள். தாமதம் ஏன் என்று கேட்பார்கள். பயந்துவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள், கதை கட்டாதீர்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். கண்டெடுத்தவர் என்கிற இடத்தில் நாலு பேர் பெயரையும் எழுதுங்கள். முதல் பெயர் உங்கள் பெயராகவே இருக்கட்டும், செம்பை எடுத்தது நீங்கள்தானே.